எழுந்திரி ஷாமினி

பாட்டுக்கு வார்த்தை எதற்கு என்று தனேஸ்வரன் எப்போதும் கேட்பான். "பாடுறவன் வாயத் தொறக்கணும்ல, அதுக்கு ஏதாச்சும் வேணும். அவ்ளோதான் லா." மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் டயர்க் கடைக்கு மேல்மாடியில் அவன் ஸ்டூடியோ இருந்தது. அவனுக்குக் காது அப்படி. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்தை வைத்தே மேலே இருந்து சுருதி சொல்வான். தகரக் கூரையில் மழை பெய்தால் வேலையை நிறுத்திவிட்டு மைக்கைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவான்.

அவனுக்கு வருடக்கணக்காகப் பாட்டு எழுதியவள் லோகேஸ்வரி. பகலில் அவள் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். தமிழில் சாட்சி சொல்கிறவர்களின் பேச்சை நீதிபதிக்கு மலாயில் சொல்ல வேண்டும். 'அடிச்சேன்' என்பதற்கும் 'அடிக்கப் போனேன்' என்பதற்கும் நடுவில் ஒருத்தனுடைய வாழ்க்கை கிடக்கிறது என்று தெரிந்தவள். மெட்டு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு நல்ல வரி இருந்தால் அந்தப் பாட்டை வாரம் முழுவதும் காரில் போடுவாள்.

"அந்தப் பாட்டுல பேஸே இல்ல. எப்படித்தான் கேக்கிறியோ" என்பான் தனேஸ்வரன்.

"உன் பாட்டுல எல்லாம் இருக்கு. என்ன சொல்றேன்னுதான் தெரியல" என்பாள் அவள்.

இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சண்டை அப்போது சண்டையாக இல்லை.

லோகேஸ்வரியின் அம்மா தாயம்மா, சுவா பக்கத்துத் தோட்டத்தில்தான் இன்னும் இருந்தாள். ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த பிறகும் வேலையை விடாமல் அதன் உதிரிப்பழம் பொறுக்கினாள். சின்ன மகள் ஷாமினி அவளோடு இருந்தாள். சி ரூசா கடற்கரை ரோட்டில் ஒரு ஹோட்டலில் அவளுக்குக் காலை ஷிஃப்ட். தினமும் ஐந்து மணிக்கு தாயம்மா தோளைப் பிடித்து உலுக்குவாள். "எழுந்திரி ஷாமினி, மணி அஞ்சாச்சு." ஷாமினி இன்னும் கொஞ்ச நேரம் என்று முனகுவாள். மறுபடியும் உலுக்கல். அப்படி எழுப்பி அனுப்பிய ஒரு நாள்தான், ஷாமினி மோட்டார் சைக்கிளோடு லாரிக்கு அடியில் போய்விட்டாள்.

உடல் வீட்டுக்கு வந்தபோது தாயம்மா அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். "எழுந்திரி ஷாமினி. மணி அஞ்சாச்சு. எழுந்திரிடி." தினமும் திட்டுகிற அதே குரல். மூன்றாவது தடவை அந்தக் குரல் உடைந்தது. சுற்றி நின்ற ஆம்பளைகள் அதைக் கேட்க முடியாமல் வெளியே போனார்கள்.

லோகேஸ்வரி அதை வைத்து ஒரு பாட்டு எழுதினாள். தனேஸ்வரன் ஒரே உட்காரலில் மெட்டுப் போட்டான். அந்த ஒரு வரியை மட்டும் அம்மாவே சொல்ல வேண்டும் என்றான். தாயம்மா மாட்டேன் என்றாள். மகள் கெஞ்சிக் கூட்டிவந்தாள். மைக் முன்னால் நின்று, யாரையும் பார்க்காமல், தாயம்மா அந்த வரியைச் சொன்னாள். மூன்றாவது 'எழுந்திரி'யில் குரல் மறுபடியும் அப்படியே உடைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு தனேஸ்வரன் கண்ணைத் துடைத்தான். அதைப் பார்த்துத்தான் லோகேஸ்வரி அவனை நம்பினாள். பிறகு நினைத்து நினைத்துக் கொதித்ததும் அதற்காகத்தான்.

பாட்டு வெளியானது. கொஞ்சம் பேர்தான் கேட்டார்கள். கேட்டவர்கள் அழுதார்கள். தனேஸ்வரனுக்கு அது போதவில்லை.

சில மாதம் கழித்து, யாரிடமும் சொல்லாமல், அதை வெட்டி வேறு பாட்டாக்கினான். லோகேஸ்வரியின் வரிகள் ஒன்றுகூட இல்லை. தாயம்மாவின் குரலை மட்டும் எடுத்து, சின்னப் பெண்ணின் குரல் மாதிரி மேலே ஏற்றி, துண்டு துண்டாக நறுக்கியிருந்தான். "எழுந்திரி எழுந்திரி மினி மினி மினி." அதற்குக் கீழே உறுமி, அதற்கும் கீழே நெஞ்சை இடிக்கிற பேஸ். 'மினி பாட்டு' என்று பேர் வந்துவிட்டது. பிள்ளைகள் அதற்கு ஆடி ஆடி, போனில் படம் பிடித்துப் போட்டார்கள். தீபாவளிக் கடைகளில், கல்யாண மண்டபங்களில், சிவப்பு விளக்குக்கு நிற்கிற கார்களில் எல்லாம் அதுதான்.

லோகேஸ்வரி அந்தக் குரலை அடையாளம் காணும் முன்பே அவள் அம்மா கண்டுகொண்டாள்.

அம்பாங்கானில் ஒரு கல்யாணம். அம்மாவும் மகளும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஏறினார்கள். பாட்டு அதிர்ந்தது. தாயம்மா கையில் சோற்றோடு தலையைத் திருப்பிப் பார்த்தாள், யாரோ தன்னைக் கூப்பிட்ட மாதிரி. அப்புறம் சோற்றை இலையில் வைத்தாள்.

"யாருடி என்னைப் போட்டு ஆடுறது?"

லோகேஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. காதைக் கொடுத்துக் கேட்ட பிறகு புரிந்தது.  நூறு பேர் கையைத் தூக்கிக்கொண்டு 'எழுந்திரி எழுந்திரி' என்று கத்தினார்கள். குரல் உடைகிற அந்த இடம் வரும்போதெல்லாம் விசிலடித்தார்கள்.

தாயம்மா கை கழுவிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள். கார் சுவா போய்ச் சேர்ந்தது. இறங்கும்போது சொன்னாள்.

"அவனச் சும்மா விடாத."

மறுநாள் லோகேஸ்வரி ஸ்டூடியோவுக்குப் போனாள்.

"அத எடுத்துரு தனேஸ்."

"எதுக்கு லா? உங்கம்மா கொரல் சிங்கப்பூர் வரைக்கும் போயிருக்கு!"

"அது செத்துப்போன பிள்ளைய எழுப்பின கொரலு."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆடுறவனுக்குத் தெரியுமா? அவனுக்கு அது ஒரு சவுண்டு. வயலின் மாதிரி. நீ ஏன் அதைப் போய் வார்த்தையா கேக்கிற?"

"அது வார்த்தைதான்."

"ஐயோ லோகா, வார்த்தைய எவன் கேக்கிறான்?" என்று சிரித்தான். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பி, மலையும் பள்ளமுமாக ஓடுகிற ஒரு கோட்டைக் காட்டினான். "இங்க பாரு, கொரல் வெடிக்கிற எடம். எந்த மெஷினும் இதச் செய்யாது. இத நான் எவ்ளோ மரியாதையா வச்சிருக்கேன் தெரியுமா?"

லோகேஸ்வரி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வழக்குப் போடலாம். ஆனால் கோர்ட் எப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவைக் கூண்டில் ஏற்றி, மகளை எப்படி எழுப்பினாய் என்று கேட்பார்கள். அதை இன்னொருத்தர் மலாயில் சொல்ல வேண்டும். வேண்டாம். வேறு வழி வரும்வரை காத்திருக்கலாம்.

அடுத்த வாரம் ஒன்றும் நடக்காத மாதிரி போனாள். அவனுக்கு இன்னும் இரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தாள். வேண்டுமென்றே குப்பையாக எழுதினாள். 'நிலவே மலரே' என்று அடுக்கினாள். அவன் கவனிக்கவே இல்லை. மெட்டில் உட்கார்ந்தால் அவனுக்குச் சரி. அவளும் அவனோடு தே தாரிக் டீ குடித்தாள், அவன் சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்தாள். உள்ளே ஒன்று ஆறாமல் கிடந்தது. அதை ஆறவிடாமல் அவளே பார்த்துக்கொண்டாள்.

ஆடி மாதம் வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு, தோட்டத்தை விட்டுப் போன சனமெல்லாம் சிரம்பானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருவார்கள். கோயில் தலைவர் அமிர்தலிங்கம் தனேஸ்வரனைக் கூப்பிட்டார். அவனுடைய தாத்தா அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். "நம்ம தோட்டத்துப் பேரப்பிள்ள. அன்னதானம் முடிஞ்சதும் ஒரு மணி நேரம் பாட்டு நிகழ்ச்சி. கடைசியில அந்த மினி பாட்டு கட்டாயம் வேணும் தம்பி." அது தாயம்மாவின் குரல் என்று அவருக்குத் தெரியாது. மேலே ஏற்றி நறுக்கிய குரலில் யாருக்குத்தான் தெரியும்?

தனேஸ்வரன் லோகேஸ்வரியிடம் வந்தான். "நீயே வந்து பாடு லா. மொதல்ல அந்தப் பழைய மெட்டு, ஸ்லோவா, ரெண்டு மூணு நிமிஷம். எல்லாம் அமைதியா இருக்கும்போது பீட்ட எறக்கிருவோம். சனம் பைத்தியமாயிரும்."

அவள் யோசிப்பது போல் நின்றாள். "வரி புதுசா எழுதட்டுமா?"

"என்னமோ எழுது. மெட்டுக்கு உக்காந்தா போதும்."

ஒத்திகையில் அவள் 'தன தானே' என்றுதான் பாடினாள். வரி இன்னும் முடியவில்லை என்றாள். ஒலிப்பலகையில் இருந்த சசிதரன், தனேஸ்வரனிடம் எப்போதும் கேட்பதைக் கேட்டான். "பாஸ், உங்க காதுக்கு என்னென்ன வேணும்?"

மேடையில் தனேஸ்வரன் இரண்டு காதையும் அடைத்து மானிட்டர் செருகிக்கொள்வான். அதில் எது கேட்க வேண்டுமோ அதை மட்டும் சசிதரன் அனுப்புவான், வெளிச்சத்தம் எதுவும் கேட்காது.

"டிரம்ஸ், பேஸ், தாளம் காட்டுற கிளிக். பாடுற வோக்கல் வேணாம். எனக்கு அது தொல்ல."

லோகேஸ்வரி மைக்கைக் கீழே வைத்தாள். எங்கே, எப்படி என்று அவள் தேடிக்கொண்டிருந்தது அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினாள். இட்டுக்கட்டியது ஒன்றும் இல்லை. நடந்ததை மட்டும், நடந்தபடியே எழுதினாள்.

திருவிழா அன்று வெயில் கொளுத்தியது. கூடாரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்து, பின்னால் நின்றும் கேட்டார்கள். தாயம்மா வரவில்லை. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பாட்டுப் போடுகிற எந்த இடத்துக்கும் அவள் போவதில்லை. வீடு கோயிலுக்கு எதிர்ச்சரிவில்தான், ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

கடைசிப் பாட்டு வந்தது. பிள்ளைகள் ஆடுவதற்குத் தயாராக மேடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். தனேஸ்வரன் கீபோர்டில் மெல்லிய சுருதி ஒன்றைப் பிடித்தான். லோகேஸ்வரி பாடினாள்.

"மணி அஞ்சாச்சுன்னு எழுப்பினா ஒரு தாயி,
மண்ணுக்குப் போற மகள எழுப்பினா அந்தத் தாயி.
எழுந்திரின்னு கத்தினது ஆட்டத்துக்கு இல்ல,
எழாத பிள்ளைக்குக் கத்தினா, அது கேக்கவே இல்ல."

முன்வரிசையில் பேச்சு நின்றது. ஷாமினியின் சாவுக்கு வந்தவர்கள் அங்கே பாதிக்கு மேல். யாரைச் சொல்கிறாள் என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏன் சொல்கிறாள் என்று மட்டும் தெரியவில்லை.

"நீ ஆடுற பாட்டுல அழுறது யாரு?
நின்னு ஒரு நிமிசம் கேட்டுத்தான் பாரு.
மினி இல்ல மினி இல்ல, ஷாமினி அவ பேரு,
மேல ஏத்தி வச்ச கொரலு தாயம்மா கொரலு."

சசிதரன் தலையை நிமிர்த்தினான். அவள் மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பொத்தான் அவன் விரலுக்கு அடியில்தான் இருந்தது. கீழே தள்ளினால் முடிந்தது. அவன் தனேஸ்வரனிடம் சம்பளம் வாங்குகிறவன். லோகேஸ்வரி அவனை நேராகப் பார்த்துக்கொண்டே அடுத்த வரிக்கு மூச்சு எடுத்தாள்.  சசிதரன் பொத்தானை மேலே தள்ளினான். அவள் குரல் கூடாரத்தைத் தாண்டிச் செம்பனைக்குள் போனது.

"வேணாம்னு சொன்னா அவ அக்கா, வாய்விட்டுச் சொன்னா,
வார்த்தைய எவன் கேக்கிறான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான்.
அழுகைய நறுக்கி அதுல மேளம் கட்டினவன்,
அதோ பாரு நிக்கிறான், தலைய ஆட்டி வாசிக்கிறவன்."

கையை நீட்டிக் காட்டினாள். தனேஸ்வரன் உண்மையாகவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் காதில் பேஸ் இருந்தது, கிளிக் இருந்தது. சனம் ஒருவர் பாக்கியில்லாமல் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தான். சிலர் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தான். அவளைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு, சொல்லிவைத்தபடி, பீட்டை இறக்கினான்.

உறுமி வெடித்தது. "எழுந்திரி எழுந்திரி மினி மினி மினி."

ஒருவரும் எழுந்திரிக்கவில்லை. முன்னால் வந்து நின்ற பிள்ளைகள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் வந்து தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் குரல் உடைகிற இடம் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் நாற்காலிகளில் யாரோ "ஐயோ" என்றார்கள். தனேஸ்வரன் கடைசி அடி வரைக்கும் வாசித்தான். பாட்டு நின்றபோது கைதட்டல் இல்லை.

அவன் காதிலிருந்து மானிட்டரைப் பிடுங்கிக்கொண்டே இறங்கி வந்தான். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும். "பாத்தியா சசி? அப்படியே ஒறஞ்சு போய்ட்டாங்க! இப்படி ஒரு சனத்த நான் பாத்ததே இல்ல லா."

சசிதரன் ஒலிப்பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

வள்ளியம்மா வந்தாள். தாயம்மாவோடு ஒன்றாக உதிரிப்பழம் பொறுக்கியவள். தனேஸ்வரன் முன்னால் வந்து நின்று கேட்டாள்.

"அது தாயம்மா கொரலா?"

"ஆமாங்க ஆன்ட்டி. நல்லா இருக்குல்ல?"

"எம் மகன் கல்யாணத்துல நானே ஆடினேன்டா அதுக்கு" என்றாள் வள்ளியம்மா.  "ஷாமினி சாவுல அவ பக்கத்துல ஒக்காந்து ஒப்பாரி வச்சவடா நானு. என்னைப் போய் ஆட வச்சிட்டியே." அவன் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

அமிர்தலிங்கம் வந்து தோளைத் தொட்டார். "தம்பி, சாமான ஏத்திக்கிட்டுக் கெளம்புங்க. சாமி பொறப்பாட்டுக்கு நீங்க இருக்க வேணாம்."

"ஏன் அங்கிள்? என்னா ஆச்சு?"

அவர் கோயிலுக்குள் போய்விட்டார். தனேஸ்வரன் சுற்றிப் பார்த்தான். வழி விடுகிற மாதிரி சனம் விலகி நின்றது. ஒருவரும் கலையவில்லை.

"சசி, என்னா பாடினா அவ?"

சசிதரன் ஹெட்போனை எடுத்து நீட்டினான். "ரெக்கார்டு ஆயிருக்கு பாஸ். வோக்கல் மட்டும் தரேன்."

பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க, தனேஸ்வரன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். லோகேஸ்வரி மேடைப் படியில் நின்று அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் புருவம் சுருங்கியது. அப்புறம் சிரிப்பு ஒட்டிவைத்த மாதிரி அப்படியே நின்றது. பிறகு கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியது. முடியும் முன்பே ஹெட்போனைக் கழற்றினான்.

"லோகா... எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்."

"இத்தன பேரு முன்னுக்கு... எம் பொழப்பு போச்சு லா."

"முழுசா கேளு" என்றாள் அவள். "இன்னும் ரெண்டு வரி இருக்கு."

அவன் அவளைப் பார்த்தான். சனத்தைப் பார்த்தான். ஹெட்போனை மறுபடியும் மாட்டிக்கொண்டான். தன்னைக் கை காட்டுகிற வரியை நின்று கேட்டான்.

லோகேஸ்வரி சரிவு இறங்கி, ஏறி, வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. தாயம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே தள்ளிய குரல் அங்கே வரைக்கும் வந்திருக்கிறது.

"அவனுக்குக் கேட்டுச்சா?"

"கடைசியில கேட்டுச்சும்மா."

"மொகம் எப்படி இருந்துச்சு?"

லோகேஸ்வரி சொன்னாள். புருவத்தைச் சொன்னாள், சிரிப்பு நின்றதைச் சொன்னாள். தாயம்மா ஒன்றையும் விடாமல் கேட்டாள். "அழுதானா?" என்றாள்.

"இல்ல."

"இன்னும் அங்கதான் இருக்கானா?"

"சாமான் ஏத்துறான்."

தாயம்மா உள்ளே போய் முகம் கழுவினாள். நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டினாள். தலையை வாரிக் கொண்டை போட்டாள். "வா" என்றாள்.

கோயில் முன்னால் சனம் அவளைப் பார்த்ததும் விலகியது. வள்ளியம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாயம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து, வேனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

தனேஸ்வரன் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நின்றுவிட்டான். "அம்மா" என்றான்.  தாயம்மா ஒன்றும் கேட்கவில்லை, திட்டவில்லை. பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பீக்கரை ஏற்றினான். திரும்பினான், இன்னொன்றைத் தூக்கினான். ஒயர்களைச் சுருட்டினான். சுருட்டியது அவிழ்ந்தது. சசிதரன் கூடப் போய் உதவவில்லை. கடைசிப் பெட்டி ஏறி, வேன் கதவு சாத்தி, செம்மண் ரோட்டில் திரும்பி மறையும்வரை தாயம்மா கண்ணை எடுக்கவில்லை.

அந்த வாரமே அவன் மினி பாட்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டான். லோகேஸ்வரி பாடியதை யாரோ கூடாரத்துக்குள் போனில் பிடித்தது ஊரெல்லாம் சுற்றியது. கல்யாணங்களுக்கு அவனைக் கூப்பிடுவது நின்றது. கோலாலம்பூரில் விளம்பரங்களுக்குப் பின்னணி இசை போடுகிற வேலைக்குப் போய்விட்டான் என்று சசிதரன் சொன்னான். லோகேஸ்வரியிடமும் அதற்குப் பிறகு யாரும் பாட்டுக் கேட்டு வரவில்லை. நாளைக்கு நம்மைப் பற்றியும் எழுதிவிடுவாள் என்று பயந்தார்கள். அவள் அதற்காக வருத்தப்படவில்லை. எடுத்துவைத்தவர்களின் போன்களில் மினி பாட்டு இன்னும் எங்கெங்கோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை யாராலும் திரும்ப வாங்க முடியாது. அது அவளுக்கு முதலிலேயே தெரியும்.

திருவிழா அன்று சாயங்காலம் சாமி புறப்பட்டபோது தாயம்மா கூடவே நடந்தாள். சனம் அவளைத் தேருக்குப் பக்கத்தில் முன்னால் விட்டது. மேளக்காரர்கள் அவளைப் பார்த்து அடியைக் குறைத்தார்கள்.

"ஏன் கொறைக்கிறீங்க? நல்லா அடிங்க" என்றாள் அவள்.